ஆம்புலன்ஸ் பட்டை

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அந்தப் பையை மடியிலே வச்சுக்கிட்டா நானும் உட்கார்ந்துடுவேன். தேங்க்ஸ். உங்க டோக்கன் எனக்கு முன்னாடியா, பின்னாடியா? பின்னாடிங்கிறீங்க. எங்கே, காட்டுங்க பார்க்கலாம். கோவிச்சுக்காதீங்க, இந்த ஆஸ்பத்திரியிலே நான் யாரையும் நம்பறதில்லை. போன தடவை எனக்கு அப்புறம் வந்த ஒரு பெரியவர், சும்மா ரிப்போர்ட்டைக் காட்டிட்டு வந்துடறேன்னு உள்ளே போனார். டாக்டரோட உட்கார்ந்து காபி குடிச்சிட்டுத்தான் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனப்போ வாசனை வந்தது.

உங்களுக்கு முழங்காலா? எனக்கு இடுப்பு. முதுகுத்தண்டிலே டிஸ்க் ஒண்ணு இடம் மாறி நரம்பை அழுத்துதாம். டாக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்திலே பிடிச்சுக்கிட்டு, கனமா ஏதாவது தூக்கினீங்களான்னு கேட்கிறார். நான் எதைத் தூக்கினேன்? என்னைத்தான் தூக்கித் தூக்கிப் போட்டது. எங்க வீட்டு பிக்கப் வண்டி.

அந்த வண்டி இப்போ கீழே, மரத்தடியிலே நிக்குது. என் வீட்டுக்காரர் அதிலேதான் உட்கார்ந்திருக்கார். மேலே வாங்கன்னா வரமாட்டார், பினாயில் வாசனை ஆகாதாம். அவர் வராததும் நல்லதுதான். அவரைப் பத்தித்தான் உங்ககிட்டே பேசப்போறேன்.

எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். அவர் பேர் இன்னாசிமுத்து. தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் லோடு அடிக்கிறார். சொந்த வண்டி. சொந்தம்னா, எங்க அப்பா எனக்குப் போட்ட நகையை வித்து வாங்கினது. ஆர்.சி. புத்தகம் என் பேர்லதான். அந்தப் புத்தி எனக்குக் கான்வென்டிலே வந்தது. எங்க சிஸ்டர் பிளாசிடா, பென்சிலா இருந்தாலும் உன் பேரை அதிலே எழுதி வைன்னு சொல்லிக் கொடுத்தவங்க. புருஷன் மேலே எழுத முடியாது, அதனாலே வண்டி மேலே எழுதினேன்.

லாரிக்கு அடியிலே குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? ஒண்ணு மேலே ஒண்ணா இரும்புப் பட்டையை அடுக்கி, வில் மாதிரி வளைச்சுக் கட்டியிருப்பாங்க. அதுதான் பாரத்தைத் தாங்குறது. வெங்காய மூட்டையை நிறைய ஏத்தினா அது அமுங்கிக் கொடுக்கும். மூட்டை இல்லாம நானும் அவரும் மட்டும் போனா? விறைச்சுக்கிட்டு நிக்கும். ரோட்டிலே ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் என் முதுகுக்குத் தந்தி வந்துடும். கல்யாணம், ஞானஸ்நானம், துக்க வீடு, எல்லாத்துக்கும் நான் அதிலேதான் போயிருக்கேன். பிள்ளையைப் பெத்துக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் அதிலேதான். தையல் போட்ட உடம்போட. வீட்டு வாசல்லே இறங்கினப்போ பிள்ளை தூங்கிட்டிருந்தான், நான்தான் அழுதேன்.

நான் அதிகம் பேசறவ இல்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வேன். வண்டியிலே போறப்போ சொல்வேன், வர்றப்போ சொல்வேன், சாப்பாடு போடறப்போ ஞாபகப்படுத்துவேன். அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "லோடு வண்டின்னா அப்படித்தான் ஜெசி. அதுக்குள்ளே சோபாவா போட முடியும்?" ஜெசின்னா நான்தான், ஜெசிந்தா. இத்தனை வருஷமும் இதே சோபாதான். புதுசா ஒரு பதில் யோசிக்கக்கூட அவருக்கு மனசு வரலை.

அப்படிப்பட்ட மனுஷன், இந்த வருஷம் புரட்டாசி வெயில்லே, என்கிட்டே ஒரு வார்த்தை கேட்காம வண்டிப் பட்டையை மாத்திட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. வண்டி வாசல்லே நின்ன விதமே வேறயா இருந்தது. முன்னே பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும், சண்டைக்கு வர்ற மாதிரி. இப்போ பணிஞ்சு நிக்குது. நல்லது பண்ற மாதிரி யாராவது பணிஞ்சு நின்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். அப்புறம் கவனிச்சேன், மூட்டையும் பாதிதான் ஏத்துறார். வியாபாரி வந்து வாசல்லே நின்னு சத்தம் போடுறான். இவர், வண்டிக்கு வயசாச்சுப்பான்னு அவன்கிட்டே குழைஞ்சுக்கிட்டு நிக்கிறார். வருமானத்தைப் பாதியாக்கிக்கிட்டு ஒருத்தர் வண்டியைச் சொகுசாக்கினா அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களும் குடும்பப் பொம்பளைதானே, உங்களுக்கே தெரியும்.

நேரா ஜமால் பாய் கடைக்குப் போனேன். பைபாஸ் பக்கத்திலே பட்டை வேலை பண்றவர். கடை போர்டிலே ஸ்பிரிங்குக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து அதிகமாப் போட்டிருக்கு. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை, சொன்னேன். அவர் போர்டைக்கூடத் திரும்பிப் பார்க்கலை. "வர்ற வண்டியெல்லாம் படிச்சுட்டா வருதும்மா?"ன்னார். சரி, வந்த வேலையைப் பார்ப்போம்னு எங்க வண்டிக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். மனுஷன் பெருமையா ஆரம்பிச்சார். பின்பக்கத்துக் கனமான பட்டையெல்லாம் கழட்டியாச்சாம். இதே மாடல்லே ஓடின ஒரு பழைய ஆம்புலன்ஸ் உடைக்க வந்ததாம், இன்னாசி காயலான் கடை காயலான் கடையாத் தேடி அதோட பட்டையை வாங்கிட்டு வந்தாராம். மெல்லிசு, நீளம். தண்ணிக் குடத்தை வச்சு ஓட்டினாலும் சிந்தாதுன்னு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுறார்.

எதுக்கு பாய் இதெல்லாம்னு கேட்டேன். ஆட்டின கை அப்படியே இறங்கிடுச்சு. அப்புறம் ஸ்பானரைத் துடைச்சுக்கிட்டே, "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரும்மா"ன்னார்.

பார்த்தீங்களா.

ஆம்புலன்ஸ் பட்டை. வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த வார்த்தைதான் காதுலே. ஆம்புலன்ஸ்னா யாரு? நோயாளி. நோயாளியைக் குலுங்காமக் கூட்டிட்டுப் போக நம்ம வீட்டிலே நோயாளி யாரும் இல்லை. நோயாளி இல்லைன்னா பிள்ளைத்தாச்சி. பிள்ளைத்தாச்சின்னா, அது யாரோட பிள்ளை? எனக்கு அங்கேயே பஸ் ஸ்டாண்டிலே தலை சுத்திடுச்சு. ஒரு சோடா வாங்கிக் குடிச்சேன். அதுலேயும் காத்தே இல்லை, பழைய சோடா.

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடியிலே வத்தல் எடுக்கப் போனேன். கீழே இவர் என்ன பண்றார் தெரியுமா? ஒரு குடத்திலே தளும்பத் தளும்பத் தண்ணி. அதை வண்டிக்குப் பின்னாடி நடுவுலே வச்சு, சுத்திக் கயிறு கட்டி, ஸ்கூல் முன்னாடி இருக்கிற வேகத்தடை மேலே ஏத்தி இறக்குறார். இறங்கி ஓடிப்போய்க் குடத்தை எட்டிப் பார்க்கிறார். திரும்ப ஏறி, பின்னாடியே எடுத்து, மறுபடியும். தெருவிலே போற வர்றவங்கல்லாம் நின்னு பார்க்கிறாங்க. கூச்சமே இல்லை. பைத்தியம் பிடிச்சவங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்க. ஆசை பிடிச்சவங்கதான் செய்வாங்க.

அதுக்கு அப்புறம்தான் அந்த போன். துணி காயப்போடற கொடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டிருந்தார். நான் இந்தப் பக்கம், போர்வைக்குப் பின்னாடி. ஒட்டுக் கேட்கலை, போர்வை காய்ஞ்சிருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

"பின்னாடிதாங்க ஏத்தணும். உட்கார வைக்க முடியாதே, அவங்க நின்னுக்கிட்டுத்தானே வருவாங்க. குலுங்கக் கூடாதுன்னுதான் பட்டையையே மாத்தினேன். இல்லைங்க, வீட்டிலே சொல்லலை. இவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கு மைக் வச்ச மாதிரி. இன்னொரு தடவை கை விட்டுப் போயிடுச்சுன்னா நான் உயிரோடவே இருக்க மாட்டேன்."

ஒவ்வொரு வார்த்தையையும் கவனிங்க. நான் 'இவள்'. அவள் 'அவங்க'. மரியாதையைப் பாருங்க. முன்சீட்டிலே உட்கார வச்சா ஊர் பார்க்கும்னு பின்னாடி நிக்க வச்சு, தார்பாய் போட்டு மூடிக் கூட்டிட்டுப் போற திட்டம். அப்புறம் அந்தக் கை விட்டுப் போறது. என் தமிழ் கான்வென்ட் தமிழ்தான், ஒத்துக்கிறேன். ஆனா கை விட்டுப் போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அப்போ ஏற்கெனவே ஒரு தடவை அவ கை விட்டுப் போயிருக்கா. இப்போ திரும்ப வந்திருக்கா. இந்தத் தடவை போனா இவர் உயிரை விடுவார். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தப்போ வெங்காய லோடுக்குப் போன மனுஷன்.

தையற்காரி ரெஜினாகிட்டே என் ஜாக்கெட் வாங்கப் போனேன். அவ வாயிலே ஊசியை வச்சுக்கிட்டே, அண்ணன் குடுத்த நீல சாட்டின் தச்சு முடிச்சாச்சு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்கக்கான்னா. எந்த நீல சாட்டின்? எடுத்துக் காட்டினா. தோள்லேருந்து கால் வரைக்கும் போர்த்திக்கிற மாதிரி, ஓரம் பூரா ஜரிகை, கழுத்துக்கிட்டே கல் வச்சு. யாருக்கும்மான்னு கேட்டேன். எனக்கென்னக்கா தெரியும், கேட்டா சிரிக்கிறார்ன்னா. ஜரிகை நல்ல ஜரிகை. தொட்டுப் பார்த்தேன். எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த எதிலும் அப்படி ஒரு ஜரிகை இல்லை.

அன்னிக்குச் சாயங்காலமே திருச்சியிலே இருக்கிற என் அண்ணன் செபாஸ்டினுக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வா, வண்டிக்கு ஒரு ஆளைப் பார்த்து வித்துடலாம், நான் என் பெட்டியோட உன் வீட்டுக்கு வந்துடறேன்னேன்.  அண்ணன், மாடி ரூம்லே வாடகைக்கு ஆள் இருக்காங்களேன்னான். ஆளைக் காலி பண்ணச் சொல்லுன்னேன். நான் முடிவு பண்ணிட்டா பண்ணினதுதான். இனிமே இந்த மனுஷனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். பெட்டியை இறக்கி, துணியைக்கூட அடுக்கிட்டேன். அவர் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார். என்ன பெட்டின்னு ஒரு கேள்வி? இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். ரெஜினா வீட்டுப் பொட்டலத்தைக் கக்கத்திலே இடுக்கிக்கிட்டு வண்டியை எடுத்தார். நான் ஆட்டோவிலே பின்னாடியே போனேன். எங்கே போச்சு தெரியுமா வண்டி? எங்க கோயிலுக்கு. மாதா கோயிலுக்கு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஏன்னா நான் அந்தப் பங்கிலே, அந்தக் கோயில் வட்டாரத்திலே, மாதா சபைத் தலைவி. ஜெபமாலை சொல்றது நான், பீடத்துக்குப் பூ வைக்கிறதை மேற்பார்வை பண்றது நான். என் கோயில்லேயே, என் கண்ணுக்கு முன்னாடியேயா?

கோயிலுக்குப் பின்னாடி தேர் நிறுத்துற கொட்டகை இருக்கு. அதுக்குள்ளே வண்டியைப் பின்பக்கமா விட்டிருந்தார். வெளியே கண்ணைக் கூசுற வெயில், உள்ளே ஒரே இருட்டு. வாசல்லே நின்னு பார்த்தேன். வண்டி மேலே நீல சாட்டின் போர்த்திக்கிட்டு ஒருத்தி நிக்கிறா. இவர் அவ இடுப்பைச் சுத்தி ரெண்டு கையாலேயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டிருக்கார். மெதுவா சொல்றார், பயப்படாதீங்கம்மா, இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கிறேன்னு.

என்கிட்டே இப்படி ஒரு குரல்லே அவர் பேசினதே இல்லைங்க.

அதுக்கப்புறம் நான் எப்படி வண்டி மேலே ஏறினேன்னு எனக்கே தெரியாது. இந்த இடுப்போட. சாட்டினுக்கு வெளியே அவ கை நீட்டிக்கிட்டு இருந்தது. எட்டிப் பிடிச்சு, இறங்குடி கீழேன்னு ஒரு இழு.

கை என்னோட வந்துடுச்சு.

சிரிக்காதீங்க. சத்தியமாச் சொல்றேன், ஜில்லுன்னு இருந்தது. ஐயோ, செத்துப் போயிட்டாளோன்னுதான் முதல்லே நினைச்சேன். இவர் திரும்பிப் பார்த்தார். முகத்திலே ரத்தமே இல்லை. ஒரு சத்தம் போடலை, திட்டலை. "ஜெசி, அதைக் கீழே போட்டுடாதே. மெதுவா என் கையிலே குடு"ன்னார்.

நீங்க எங்க ஆளுங்க இல்லை போலிருக்கு, விவரமாச் சொல்றேன். அது மாதாவோட சுரூபம். சிலைன்னு நீங்க சொல்வீங்க, நாங்க சுரூபம்னு சொல்வோம். பிரெஞ்சுச் சாமியார் ஒருத்தர் காலத்திலே கப்பல்லே வந்ததுன்னு சொல்வாங்க. ரெண்டு கையையும் விரிச்சு ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி நிப்பாங்க. அந்த வலது கைதான் என் கையிலே.

அப்புறம் விஷயம் வெளியே வந்தது. போன வருஷத் திருவிழாப் பவனிக்குத் தேர்ச் சக்கரம் பழுது. எங்க வண்டியிலே மாதாவை வச்சுக் கொண்டுபோகலாம்னு நான்தான் சபையிலே பேசி முடிச்சேன். மைக்லே எங்க குடும்பத்துப் பேரைச் சொன்னாங்க. அன்னிக்கு நான் வண்டிக்குப் பக்கத்திலேயே மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஜெபமாலை சொல்லிட்டு வந்தேன். பவனி நகரவே இல்லை, ஆமை மாதிரி. வாணவேடிக்கைக்கு நேரமாச்சேன்னு வண்டியைத் தட்டித் தட்டி, கொஞ்சம் வேகமாப் போங்கன்னு அவரை விரட்டிக்கிட்டே இருந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டறப்போ ஒரே தூக்காத் தூக்கிப் போட்டிருக்கு, மாதாவோட கை மணிக்கட்டோட கழண்டு பூவிலே விழுந்திருக்கு. இவர் கண்ணாடியிலே பார்த்துட்டு, வண்டியை நிறுத்தி, மாலையைச் சரி பண்ற மாதிரி ஏறி, கையை எடுத்துச் சட்டைக்குள்ளே போட்டுக்கிட்டார். மீதிப் பவனி பூரா மாதாவோட கை அவர் சட்டைக்குள்ளே. எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே நடந்தேன், தெரியாது.

இப்போ இருக்கிற எங்க பங்குச் சாமியாரும் இவரும் சேர்ந்து ஏதோ பசையை வச்சு ஒட்டியிருக்காங்க. ஊருக்குத் தெரிஞ்சா கெட்ட சகுனம்னு ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்கன்னு மறைச்சுட்டாங்க. இந்த வருஷம் அக்டோபர் மாசம் பூரா மாதா பட்டிப் பட்டியாப் போகணும்னு முடிவாச்சு. அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாசம். எங்க பங்கைச் சுத்தி இருக்கிற பட்டிக்கெல்லாம் ரோடு எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம். அதுக்குத்தான் அந்தப் பட்டை. அதுக்குத்தான் குடம். ஒட்டின இடத்தை மூடத்தான் நீல சாட்டின். அவர் போன்லே பேசினது சாமியார்கிட்டே. கை விட்டுப் போறதுன்னா நிஜமாவே கை விட்டுப் போறது. ஒரு மனுஷன் தமிழை இப்படியா பேசுவான்? மணிக்கட்டு கழண்டுடும்னு சொன்னா எனக்கு இந்த அலைச்சலே இல்லையே.

சாமியார் ஓடி வந்தார். என் கையையும் மாதா கையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர்கிட்டே ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்: ஒட்டினது சரியில்லை ஃபாதர், ஒரு பொம்பளை தொட்டதுக்கே வந்துடுச்சுன்னு. நல்லவேளை நான் தொட்டேன். இல்லைன்னா ஏதாவது பட்டியிலே ஜனங்களுக்கு முன்னாடி விழுந்திருக்கும். அப்புறம்தான் சுரூப வேலை தெரிஞ்ச ஆளை வரவழைச்சு, உள்ளே கம்பி வச்சு, ஒழுங்காச் சேர்த்தாங்க. என்னாலேதான் அது நடந்தது. யாரும் ஒரு நன்றி சொல்லலை.

அண்ணனை வரவேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பாடான்னான். அதையும் மனசிலே வச்சிருக்கேன். பெட்டியைத் திரும்பப் பரண்லே ஏத்தினேன், துணி மட்டும் அதுக்குள்ளேயே இருக்கு.

அக்டோபர் நல்லபடியாப் போச்சு. எல்லாப் பட்டிக்கும் மாதா போனாங்க, வந்தாங்க. ஜனங்களெல்லாம், மாதா மிதந்து வர்ற மாதிரி இருக்கேன்னு வண்டியைத் தொட்டுக் கும்பிட்டாங்க. நான் ஒவ்வொரு ஊர்லேயும் நடந்துபோய் ஜெபமாலை சொன்னேன். ஆனா கேளுங்க, எனக்கு மனசு ஆறலை. வேற பொம்பளை இல்லைன்னு தெரிஞ்சதிலே சந்தோஷம்தான், இல்லைங்கலை. ஆனா கடைசி நாள் பவனி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, குனிஞ்சு செருப்பைக் கழட்ட முடியாம கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவர் வண்டியைத் துணி வச்சுத் துடைச்சுக்கிட்டிருக்கார். அங்கேயே கேட்டுட்டேன். "மாதாவுக்குக் கை போனதும் ஆம்புலன்ஸ் பட்டை தேடி ஊர் ஊராப் போனீங்க. எனக்கு இடுப்பு போய் எத்தனை வருஷம் ஆச்சு? சோபா போட முடியாதுன்னீங்க. அவங்களுக்குப் போட முடிஞ்சுதே?"

தப்பாக் கேட்டேனா? மாதாவும் பொம்பளைதான், அவங்களுக்குப் புரியும்.

அவர் துடைக்கிறதை நிறுத்திட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்லப் போறார், லோடு வண்டின்னா அப்படித்தான்னுதான் சொல்லப் போறார். அதனாலே நான் விடலை, பிள்ளையைப் பெத்துக்கிட்டு வந்த கதையிலிருந்து ஆரம்பிச்சேன். நான் முடிச்சப்போ அவர் வண்டிக்கு அடியிலே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். மரியாதை அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயமே. சந்தேகம் தீர்ந்ததுன்னு நினைச்சீங்கதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன வாரம் மறுபடி ஜமால் பாய் கடைக்குப் போனேன். வெங்காய சீசன் வருது, பழைய கனமான பட்டையைப் பின்னாடி திரும்ப மாட்டணுமே, இவர் செஞ்சாரா இல்லையான்னு தெரியணுமே. பாய் சொல்றார், அதெல்லாம் மாட்டியாச்சும்மா, முன்பக்கம்தான் ஆம்புலன்ஸ் பட்டை போட்டிருக்குன்னு. முன்பக்கமா? முன்பக்கம் எப்போ மாத்தினார்? இப்பத்தான்மா, பவனியெல்லாம் முடிஞ்ச அப்புறம். அந்த ஆம்புலன்ஸோட முன்பட்டை வித்துப் போச்சாம், வாங்கினவனைத் தேடி ஒட்டன்சத்திரம் வரைக்கும் போய்க் கெஞ்சி வாங்கிட்டு வந்தாராம். இடதுபக்க சீட்டையும் கழட்டிப் புதுசாக் கட்டச் சொல்லியிருக்கார். பாய் சிரிக்கிறார். யாருக்கு பாய்னு கேட்டா, "என்னம்மா, என்னையப் போயி கேக்கிறீங்க"ன்னுட்டு இன்னும் சிரிக்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. மாதா பின்னாடிதானே நிப்பாங்க? மாதா முன்சீட்டிலே உட்கார மாட்டாங்களே. மாசமும் முடிஞ்சுபோச்சு. அப்போ பவனி முடிஞ்ச அப்புறம் முன்பக்கத்தைச் சொகுசாக்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னிக்குக் காலையிலே நான் பஸ்லே வர்றேன்னுதான் சொன்னேன். கேட்கலை. வண்டியிலேயே வா, வண்டியிலேயே வான்னு ஒரே பிடிவாதம். எப்பவும் இப்படிக் கூப்பிடற ஆள் இல்லை, எதையோ மறைக்கத்தான் இந்த உபசாரம்னு தெரிஞ்சே ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் முழுசா ஒரு நோட்டம் விட்டேன். சீட்டிலே புது மெத்தை. இடுப்புக்கிட்டே தாங்கலா ஒரு சின்னத் திண்டு வச்சுத் தச்சிருக்கு. அப்போ அவளுக்கும் இடுப்புவலி. கதவுப் பக்கம் ஒரு கொக்கி, ஜெபமாலை தொங்கவிடற மாதிரி. அப்போ எங்க பங்குக்காரிதான், வெளியாள் இல்லை. நான் சும்மா இருப்பேனா? எவளோ மாட்டறதுக்கு முன்னாடி என் ஜெபமாலையை எடுத்து அதிலே மாட்டிட்டேன். கீழே கால் வைக்க மரத்திலே ஒரு பலகை அடிச்சிருக்கு. எனக்கு எந்த வண்டியிலேயும் கால் எட்டாது, தொங்கும். இந்தப் பலகையிலே ரெண்டு பாதமும் அளவெடுத்த மாதிரிப் படிஞ்சு உட்கார்ந்தது. அப்போ அவளும் என் உயரம்தான். குட்டை.

மதுரை வர்ற வரைக்கும் வேகத்தடை வந்ததே தெரியலைங்க. நாலு வழிச் சாலையை விட்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்குள்ளே திரும்பினோமே, எவ்வளவு குழி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஒண்ணும் தெரியலை. பாதி வழியிலே எனக்குத் தூக்கமே வந்துடுச்சு. அந்த வண்டியிலே நான் தூங்கினது இதுதான் முதல் தடவை. முழிச்சுப் பார்க்கிறேன், இவர் ரோட்டைப் பார்க்காம என்னைப் பார்த்துக்கிட்டிருக்கார். வலிக்குதான்னு கேட்கிறார். எனக்கு எதுக்கு வலிக்கணும்? அவ்வளவு சொகுசா எவளுக்கோ செஞ்சு வச்சிருக்கீங்களேன்னு வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். ஆதாரம் இல்லாமப் பேசக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை கையோட வந்துடுச்சு.

ஆனா கண்டுபிடிக்காம விட மாட்டேன். குட்டையா, இடுப்புவலியோட, ஜெபமாலை சொல்ற ஒருத்தி. எங்க பங்கிலே எல்லாரையும் மனசுக்குள்ளே ஓட்டிப் பார்த்துட்டேன், ஒருத்தியும் பொருந்தலை. இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவளா இருக்கலாம்னு தோணுது. எலும்பு டாக்டர்கிட்டேதானே இடுப்புவலிக்காரி வருவா. இவர் இங்கேயே கூட்டிட்டு வந்ததுக்கும், மேலே வரமாட்டேன்னு கீழேயே உட்கார்ந்திருக்கிறதுக்கும் காரணம் இருக்கும்.

என்ன, நீங்க எதுக்கு அப்படிச் சிரிக்கிறீங்க? நான் சொல்றதிலே சிரிக்க என்ன இருக்கு? கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேற சிரிக்கிறீங்க. என்னவோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி. உங்களுக்கு எங்க வீட்டுக்காரரை முன்னாடியே தெரியுமா? முழங்கால்தானே வலிக்குதுன்னீங்க, இடுப்பு வலிக்கலையே?

கொஞ்சம் எழுந்து நில்லுங்க, பார்க்கலாம். உங்க உயரம் என்ன?